ஹிஸ்டரி கிளாஸ்ல ஏஐய எப்படி கையாளறது

போன வருஷம் பசங்களுக்கு "பிளாசி போருக்கு என்ன காரணம்"னு ஹோம்வொர்க் குடுத்திருந்தேன். திருத்த உக்காந்தா ஏழெட்டு பேப்பர் தாண்டுறதுக்குள்ள பேனா நின்னு போச்சு. எல்லாத்துலயும் அதே காரணங்க, அதே வரிசை, கடைசியில அதே "இந்திய வரலாற்றில் ஒரு திருப்புமுனையாக அமைந்தது". கிளாஸ்ல நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசவே யோசிக்கிற பையன் "பன்முகக் காரணிகள்"னு எழுதியிருக்கான். தப்புன்னு எதையும் சுழிக்க முடியல, அதான் கஷ்டமே. மறுநாள் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன், "நவாப்போட தளபதி மீர் ஜாஃபர் கிழக்கிந்திய கம்பெனிக்காரங்களோட ரகசியமா பேசி வெச்சிருந்தார்னு எல்லாரும் எழுதியிருக்கீங்க, சரிதான், ஆனா ரகசியமா பேசினது நமக்கு எப்படிப்பா தெரியும்?" ஒருத்தரும் வாய் திறக்கல.

அப்பதான் எனக்கு உறைச்சது, இத்தனை வருஷத்துல நானும் அந்தக் கேள்விய அவங்ககிட்ட கேட்டதே இல்ல. பதிலை மட்டும்தான் கேட்டிருக்கேன், பதிலுக்கு மட்டும்தான் மார்க் போட்டிருக்கேன், பதில் மட்டும் வேணும்னா அதைக் குடுக்க ஒரு மெஷின் போதும்னு பசங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் நான் மாத்திக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். எந்த சிலபஸ்ல எடுக்கறவங்களும் கொஞ்சம் முன்னப்பின்ன மாத்தி யூஸ் பண்ணிக்கலாம்.

முதல்ல நீங்க தனியா உக்காந்து பாருங்க

பசங்ககிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் சாட்ஜிபிடியோ ஜெமினியோ ஏதோ ஒண்ணத் திறந்து, உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயமா பாத்து கேளுங்க. தெரியாததக் கேட்டா அது சொல்றதெல்லாம் பிரமாதமாத்தான் இருக்கும். நீங்க வருஷக்கணக்கா எடுத்த பாடம், உங்க ஆராய்ச்சி டாபிக், பேர் வருஷம் எல்லாம் விரல் நுனியில இருக்கற ஒண்ணு, அதைக் கேட்டு கேட்டு உள்ள போங்க. மேலோட்டமான கேள்விக்கு நல்லா பதில் சொல்லும். நாலாவது அஞ்சாவது கேள்வியில, சின்ன ஊரு, சின்ன ஆளு, அதிகம் எழுதப்படாத சம்பவம்னு இறங்க இறங்க வழுக்க ஆரம்பிக்கும். ஒருத்தர் செஞ்சத இன்னொருத்தர் தலையில கட்டும், வருஷம் நகரும், யாரும் சொல்லாத வசனத்த மேற்கோள் குறி போட்டு குடுக்கும், "இதுக்கு ஆதாரம் என்ன"ன்னா இல்லாத புக்குக்கு பக்க எண்ணோட பேர் சொல்லும். சொல்ற தொனி மட்டும் மாறவே மாறாது, சரியா சொல்றப்ப என்ன நம்பிக்கையோ தப்பா சொல்றப்பவும் அதே நம்பிக்கை.

ஏன் இப்படின்னு பசங்களுக்கும் சொல்லியே ஆகணும். இதுக்குள்ள ஒரு அலமாரி இருந்து அதுலேர்ந்து எடுத்துப் படிச்சு சொல்லுதுன்னு அவங்க நினைக்கிறாங்க. அடிப்படையில அது படிச்ச கோடிக்கணக்கான வரிகளோட பழக்கத்த வெச்சு அடுத்து எந்த வார்த்தை வந்தா பொருந்தும்னு கணக்குப் போட்டு போட்டு எழுதுது. இப்ப நெட்ல தேடிட்டு வந்து லிங்க்கோட பதில் சொல்ற வசதியும் இருக்கு, ஆனா அந்த லிங்க்ல நிஜமாவே அந்த விஷயம் இருக்கான்னு திறந்து பாக்க வேண்டியது நாமதான். 2023ல நியூயார்க்ல ரெண்டு வக்கீலுங்க சாட்ஜிபிடி குடுத்த தீர்ப்புகள அப்படியே கோர்ட்ல தாக்கல் பண்ணாங்க, அதுல ஆறு வழக்கு உலகத்துலயே நடக்காதது, நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். இந்தக் கதைய முதல் கிளாஸ்லயே சொல்லிடுவேன், படிச்சு தொழில் பாக்கிறவங்களே மாட்டிக்கிட்டாங்கன்னா பசங்க கவனிப்பாங்க.

மனுஷங்களும் பொய் மேற்கோள் பரப்பினவங்கதான், அதையும் சேர்த்தே சொல்லணும். "ரொட்டி இல்லன்னா கேக் சாப்பிடட்டும்"னு பிரெஞ்சு ராணி மரி அன்த்வானெத் சொன்னதா எல்லா இடத்துலயும் இருக்கு. எழுத்தாளர் ரூசோ அந்த வரிய பேர் சொல்லாம "ஒரு பெரிய இளவரசி" சொன்னதாத்தான் எழுதினார், அதுவும் 1760கள்ல, அப்ப மரி அன்த்வானெத் ஆஸ்திரியாவுல சின்னப் பொண்ணு, பிரான்ஸுக்கே வரல. நூறு இடத்துல திருப்பித் திருப்பி எழுதினா அது உண்மை மாதிரி ஆயிடும், நூறு இடத்துல இருக்கறதப் படிச்சுத்தான் ஏஐயும் கத்துக்கிட்டுது.

நான் எடுக்கற ஒரு பாடம், முழுசா

எல்லாத்தையும் பொதுவா சொல்றத விட ஒரு பாடத்த அப்படியே சொல்லிடறேன், ரெண்டு பீரியட் ஆகும். கல்கத்தா இருட்டறை சம்பவம். 1756 ஜூன் 20ஆம் தேதி வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா அங்க இருந்த ஆங்கிலேய கம்பெனியோட வில்லியம் கோட்டைய புடிச்சார், அன்னிக்கு ராத்திரி கைதிங்கள ஒரு சின்ன ரூம்ல போட்டு பூட்டினாங்க, விடியறதுக்குள்ள மூச்சு முட்டி நிறைய பேர் செத்துட்டாங்க. இது பழைய பாடப்புத்தகத்துல எல்லாம் 146 பேர் போனாங்க, 123 பேர் செத்தாங்க, 23 பேர் பொழைச்சாங்கன்னு இருக்கும்.

முதல் பீரியட்ல ஏஐகிட்ட கேட்டு வாங்கின பதிலை பிரிண்ட் எடுத்து எல்லாருக்கும் குடுப்பேன். பெரும்பாலும் அந்த 146 அதுல இருக்கும், "எண்ணிக்கை சர்ச்சைக்குரியது"ன்னு ஒரு வரியும் சேர்த்திருக்கும், யாரு சர்ச்சை பண்ணா எதை வெச்சு பண்ணான்னு கேக்காத வரைக்கும் அதிகம் சொல்லாது. பசங்க பென்சில எடுத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்துல எழுதணும், "இதை முதல்ல யார் சொல்லியிருக்க முடியும்?" வெறும் அவ்வளவுதான். பத்து நிமிஷத்துல அவங்களே கண்டுபுடிச்சிடுவாங்க, ரூம்குள்ள நடந்தத சொல்லணும்னா உள்ள இருந்து உயிரோட வந்தவங்கதான் சொல்லியிருக்கணும்.

அப்ப ஹால்வெல்ல அறிமுகப்படுத்துவேன். கவர்னர் டிரேக் கப்பல்ல ஏறி தப்பிச்சுப் போனப்புறம் கோட்டைய பாத்துக்கிட்டவர் இந்த ஹால்வெல், அந்த ரூம்ல இருந்து பொழைச்சு வந்தவர், அவர் எழுதின விவரம் 1758ல லண்டன்ல அச்சாச்சு. 146ங்கற நம்பர் அவரோடதுதான். நாம புத்தகத்துல பாத்தது, ஏஐ சொன்னது, நெட்ல நூறு பக்கத்துல இருக்கறது எல்லாம் சுத்தி சுத்தி அந்த ஒரு மனுஷன்கிட்டதான் பெரும்பாலும் போய் நிக்குதுன்னு போர்டுல அம்புக்குறி போட்டு காட்டினப்ப ஒரு பொண்ணு "அப்ப நூறு சாட்சி இல்லையா, ஒரே சாட்சிதானா"ன்னு கேட்டா. அந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பாடத்த திரும்பத் திரும்ப எடுக்கலாம்.

ரெண்டாவது பீரியட் வெளிய. அந்த ரூம் ஏறக்குறைய 14 அடிக்கு 18 அடின்னு சொல்றாங்க. கிரவுண்ட்ல டேப் புடிச்சு சாக்பீஸால கட்டம் வரைஞ்சு மொத்த கிளாஸையும் உள்ள நிக்கச் சொல்லுங்க. 252 சதுர அடி. நாப்பது பேர் நின்னா ஆளுக்கு ஆறு சதுர அடிக்கு மேல வரும், கையை வீசலாம். 146 பேர்னா ஆளுக்கு ஒண்ணே முக்கா சதுர அடி கூட வராது. நாப்பது பேரையும் ஒரு மூலைக்கு நெருங்கி நிக்கவெச்சு அந்த அளவுக்கு கட்டத்த சுருக்கிக் காட்டினா, ஒருத்தன் தோள் மேல ஒருத்தன் சாஞ்சுக்கிட்டு அப்படியே அமைதியாயிடுவாங்க. (உடம்பு சரியில்லாதவங்க, நெருக்கம் புடிக்காதவங்கள வெளிய நின்னு அளக்கச் சொல்லுங்க, யாரையும் கட்டாயப்படுத்தாதீங்க.) இதால 146 பொய்யின்னு நிரூபணம் ஆகாது, அதையும் தெளிவா சொல்லிடணும், ஆனா நம்பர்ங்கறது எடம் புடிக்கிற உடம்புங்கன்னு அவங்களுக்கு புரியும்.

திரும்ப உள்ள வந்து மீதிய குடுப்பேன். அந்தக் காலத்து வங்காளத்த பத்தி பாரசீகத்துல விரிவா எழுதின குலாம் உசேன் இந்த சம்பவத்தப் பத்தி பேசவே இல்ல. இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஜே.எச். லிட்டில்ங்கறவர் ஹால்வெல்ல நம்ப முடியாதுன்னு எழுதினார், அப்புறம் பிரிஜேன் குப்தாங்கற வரலாற்று ஆய்வாளர் எல்லா ஆவணத்தையும் ஒப்பிட்டுப் பாத்து உள்ள போனது 64 பேர் அளவுல இருக்கும், 21 பேர் பொழைச்சாங்கன்னு சொன்னார். இப்ப பசங்க வேலை, ஏஐ குடுத்த அந்த பிரிண்ட்ட எடுத்து திருத்தி எழுதணும். எதை உறுதியா சொல்லலாம், எதை "ஹால்வெல் சொல்றார்"னு மட்டும் சொல்லலாம், எதை எடுத்துடலாம். ஒருத்தன் ஒரு பக்கத்த அஞ்சு வரியா குறைச்சான், அந்த அஞ்சு வரியில ஒவ்வொண்ணுக்கும் யார் சொன்னதுன்னு இருந்துச்சு. அவனுக்கு முழு மார்க் போட்டேன்.

கவனிச்சீங்கன்னா இதுல ஒரு பையன் கூட கிளாஸ்ல ஏஐய தொடல. அந்தத் தாள் ஒரு சாட்சி, பேர் இல்லாத, எங்க இருந்து கேட்டுச்சுன்னு சொல்லாத ஒரு சாட்சி, அதை ஹால்வெல்ல விசாரிக்கற மாதிரியே விசாரிக்கணும். ஹால்வெல்லோட ஊரு பேரு தொழிலாவது நமக்குத் தெரியும், அவருக்கு என்ன லாபம்னு யோசிக்கலாம். இந்தத் தாளுக்கு அதுவும் கிடையாது.

கேள்விய மாத்தினா பதில் மாறுறத காட்டுங்க

இது சீக்கிரம் முடியற பயிற்சி. கிளாஸ மூணா பிரிச்சு 1857 பத்தி மூணு விதமா கேக்கச் சொல்லுங்க, "சிப்பாய் கலகம் ஏன் தோத்துச்சு", "முதல் சுதந்திரப் போர் ஏன் முக்கியம்", "1857ல என்ன நடந்துச்சு". வர்ற மூணு பதிலையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி வார்த்தைங்கள வட்டம் போடச் சொல்லுங்க. கேள்வியில கலகம்னு இருந்தா பதில்லயும் ஒழுங்கு, கட்டுப்பாடு, தலைமை இல்லாமைன்னு போகும், போர்னு கேட்டா தியாகம், வீரம்னு போகும். ஏஐக்கு கேக்கறவர் பக்கம் சாயற குணம் உண்டு, நீங்க என்ன நினைச்சுக்கிட்டு கேக்கறீங்களோ அதையே நல்ல மொழியில திருப்பிக் குடுக்கும்.

அப்புறம் இந்தப் பேருங்களுக்கே ஒரு வரலாறு இருக்குன்னு சொல்லுங்க. சாவர்க்கர் 1909ல அதை சுதந்திரப் போர்னு எழுதினார், 1957ல வரலாற்றாசிரியர் ஆர்.சி. மஜும்தார் அப்படி சொல்ல முடியாதுன்னு வாதாடினார். எங்க கிளாஸ்ல ஒருத்தன் "அப்ப 1806 வேலூர்?"னு கேட்டான், ஜூலை 10, வேலூர் கோட்டையில சிப்பாய்ங்க எழுந்தது 1857க்கு அம்பது வருஷம் முன்னாடி. "முதல்"ங்கற வார்த்தைய யார் எதுக்கு ஒட்டறாங்கன்னு அன்னிக்கு முழு பீரியடும் அதுலயே போச்சு, பிளான்ல இருந்தது எதையும் நடத்தல, பரவாயில்ல.

நமக்குப் பெருமையான விஷயத்துலதான் இதை ரொம்ப கவனமா செய்யணும். ஊர் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கற விதிங்க இருக்கற உத்திரமேரூர் கல்வெட்ட பத்தி "உலகின் முதல் ஜனநாயகம்தானே"ன்னு ஏஐகிட்ட கேட்டுப் பாருங்க, அநேகமா தலையாட்டிட்டு பக்கம் பக்கமா புகழும். கல்வெட்ட படிச்சா அதுல இருக்கறது அதை விட சுவாரசியம். முதலாம் பராந்தகன் காலம், 919லயும் 921லயும் வெட்டினது. 30 குடும்புகள் (வார்டு மாதிரி), குடவோலை (பேர் எழுதின ஓலைய குடத்துல போட்டு எடுக்கறது), 360 நாள் பதவி, வயசு 35லேர்ந்து 70, ஒழுங்கா கணக்கு காட்டாதவன் மறுபடி நிக்க முடியாது. கூடவே கால் வேலிக்கு மேல நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வேதம் கத்திருக்கணும்னும் இருக்கு. அந்தப் பட்டியல பசங்க கையில குடுத்து "அந்த ஊர்ல வாழ்ந்தவங்கள்ல யார் பேரெல்லாம் அந்தக் குடத்துக்குள்ள போயிருக்காது"ன்னு கேளுங்க. பெருமையும் குறையாது, கண்ணும் திறக்கும்.

ஹோம்வொர்க்க மாத்தாம வேலைக்கு ஆகாது

"காரணங்களை எழுதுக", "விளைவுகளை விவரி" இந்த ரகத்த வீட்டுக்கு குடுக்கறத நிறுத்திட்டேன். அது தேவைன்னா கிளாஸ்ல பேனாவும் பேப்பருமா. வீட்டுக்கு குடுக்கறதுல ஏஐகிட்ட இல்லாத ஏதாவது ஒண்ணு கட்டாயம் இருக்கணும். நாம கிளாஸ்ல வரைஞ்ச கட்டம், நேத்து அந்தப் பையன் கேட்ட கேள்வி, நான் குடுத்த ஒரு கடிதத்தோட ரெண்டாவது பத்தி, இல்ல வீட்டுல இருக்கற பெரியவங்க ஞாபகம். வீட்டுல ஒரு பழைய போட்டோ, ரசீது, சர்டிபிகேட் எதையாவது எடுத்து இது யார் எப்ப எதுக்கு செஞ்சது, இதுல இருந்து எதைத் தெரிஞ்சுக்கலாம் எதைத் தெரிஞ்சுக்க முடியாதுன்னு எழுதச் சொல்லுவேன். அதுக்கு வந்த பேப்பருங்கதான் நான் இதுவரைக்கும் திருத்தினதுலயே நல்ல பேப்பர். ஒரு பொண்ணு அவங்க பாட்டியோட சர்டிபிகேட்ல பிறந்த தேதி ஏன் பாட்டி சொல்றதோட ஒத்துப் போகலன்னு ஒன்றரை பக்கம் எழுதியிருந்தா, ஸ்கூல்ல சேக்கறப்ப குத்துமதிப்பா ஒரு தேதி போட்டிருக்காங்க, எழுத்துல இருக்கற ஆவணமும் தப்பா இருக்கலாம்னு அவளே கண்டுபுடிச்சிட்டா.

பெரிய ப்ராஜெக்ட்னா ரஃப் நோட்டு சேர்த்து வாங்குங்க, அடிச்சது திருத்தினது எல்லாத்தோடயும், அதுக்கு தனியா மார்க் போடுங்க. கடைசியில ஆளுக்கு மூணு நிமிஷம் பக்கத்துல கூப்பிட்டு பேசுங்க. கேள்வி சுலபமா இருக்கட்டும், "இந்த பாராவுல எது உனக்கு சந்தேகமா இருந்துச்சு?", "இதை எங்க பாத்த, காட்டு", "இதுக்கு எதிரா யாராவது பேசினா என்ன சொல்லுவாங்க?" தானா எழுதினவன் திக்கி திணறினாலும் சொல்லிடுவான். நாப்பது பேருக்கு மூணு நிமிஷம்னா ரெண்டு மணி நேரம், மத்த பசங்க ஏதாவது படிச்சுக்கிட்டு இருக்கற மூணு பீரியட்ல முடிச்சிடலாம். வீட்டுல நாப்பது ஒரே மாதிரி கட்டுரைய திருத்தறதுக்கு இது எவ்வளவோ மேல்.

டிடெக்டர நம்பி யாரையும் குத்தம் சொல்லாதீங்க

இதை நான் பட்டு சொல்றேன். ஆரம்பத்துல, ஏஐ எழுதினதா மனுஷன் எழுதினதான்னு சொல்ற ஒரு டிடெக்டர் சைட்ல பசங்க பேப்பர போட்டுப் பாத்தேன், ஒரு பையனோடது "பெரும்பாலும் ஏஐ"ன்னு வந்துச்சு, இங்கிலீஷ்ல எழுதின கட்டுரை. அவனை தனியா கூப்பிட்டு கேட்டேன், தனியாத்தான் கேட்டேன், இருந்தாலும் கேட்டது கேட்டதுதான். அவன் ஒண்ணும் பேசல. மறுநாள் அவங்க அக்கா நோட்டுல பின்பக்கம் எழுதி எழுதி அடிச்ச நாலு பக்கம் ரஃப் கொண்டு வந்து டேபிள்ல வெச்சுட்டு போயிட்டான். கிளாஸ் முன்னாடியே மன்னிப்பு கேக்கறேன்னேன், வேணாம் டீச்சர்னான், அதுக்கப்புறம் ரொம்ப நாள் அவன் கிளாஸ்ல கை தூக்கவே இல்ல.

அப்புறம்தான் படிச்சுப் பாத்தேன். சாட்ஜிபிடிய செஞ்ச ஓப்பன்ஏஐ கம்பெனியே 2023 ஜனவரியில ஒரு டிடெக்டர் விட்டாங்க, அவங்க சோதனையிலயே ஏஐ எழுதினதுல 26 சதவீதத்தத்தான் அது சரியா புடிச்சுது, மனுஷங்க எழுதினதுல 9 சதவீதத்த ஏஐன்னு சொல்லுச்சு, ஜூலையில துல்லியம் போதலன்னு எடுத்துட்டாங்க. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்ட் ஆளுங்க ஏழு டிடெக்டர சோதிச்சாங்க, இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க டோஃபல் பரீட்சைக்கு எழுதின கட்டுரைங்கள்ல சராசரியா பாதிக்கு மேல ஏஐன்னு தப்பா சொல்லியிருக்கு. காரணம் புரிஞ்சுக்கக் கூடியதுதான், தெரிஞ்ச எளிமையான வார்த்தைங்கள வெச்சு எழுதினா அடுத்த வார்த்தைய ஊகிக்கறது சுலபம், அதை மெஷின் தன்னோடதுன்னு நினைச்சுக்குது. நம்ம பசங்க இங்கிலீஷ்ல எழுதறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். சந்தேகம் வந்தா அந்த மூணு நிமிஷ பேச்சுதான் ஒரே வழி.

செத்துப்போனவங்கள பேச வைக்கறது, படம் வரைய வைக்கறது

"நீ இப்ப காந்தி, எங்ககிட்ட பேசு"ன்னு ஏஐய நடிக்க வைக்கற பயிற்சி நிறைய இடத்துல சிபாரிசு பண்றாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்ல. 2023 ஆரம்பத்துல இப்படி வரலாற்று ஆளுங்களோட சாட் பண்ற ஒரு ஆப் வந்து, அதுல நாஜி தலைவருங்க நடந்ததுக்கெல்லாம் வருத்தப்படற மாதிரி பதில் சொன்னதா பெரிய கண்டனம் வந்துச்சு. கொலை பண்ணவன் வாயில அவன் சொல்லாத வருத்தத்த வைக்கறதும், செத்தவங்க வாயில அவங்க சொல்லாத ஆறுதல வைக்கறதும் ரெண்டுமே தப்பு. காந்தி எழுதினது நூறு தொகுதியா நம்மகிட்ட இருக்கு, அவர் என்ன சொன்னார்னு தெரிஞ்சுக்கணும்னா அதைத் திறக்கலாம். நடிக்க வெச்சுத்தான் ஆகணும்னா பேர் இல்லாத ஒரு பாத்திரத்த, துறைமுகத்துல மூட்டை தூக்கறவர் மாதிரி, எடுத்துக்கிட்டு, முடிஞ்சதும் அது சொன்னதுல எதுக்கு ஆதாரம் இருக்கு எது கற்பனைன்னு பசங்கள பிரிக்க வைங்க, அந்தப் பிரிக்கற வேலைக்காக மட்டும்தான் அது.

படம் விஷயத்துல இன்னும் ஜாக்கிரதை. 2024 பிப்ரவரியில கூகுளோட ஜெமினி இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் சிப்பாய்ங்கள வரலாற்றுக்கே சம்பந்தமில்லாத தோற்றத்துல வரைஞ்சு குடுத்து, மனுஷங்க படம் வரையற வசதிய கொஞ்ச காலம் நிறுத்தியே வெச்சாங்க. அது எல்லாருக்கும் தெரிஞ்ச தப்பு, கண்ணுக்கு தெரியாததுதான் மோசம். "சோழர் கால துறைமுகம்"னு ஒரு படம் வாங்கி பிபிடியில போட்டுட்டா, அதுல இருக்கற கப்பல், துணி, கட்டடம் எதுக்கும் ஆதாரம் இல்லாட்டியும் பசங்க மனசுல அதான் சோழர் காலம்னு ஆயுசுக்கும் உக்காந்துக்கும். நான் கிளாஸ்ல ஏஐ படம் போடறதே இல்ல, போட்டா ஒரே ஒரு வேலைக்கு, இதுல எதெல்லாம் தப்புன்னு கண்டுபுடிக்க.

எதுக்கு தாராளமா யூஸ் பண்ணலாம்

டீச்சர் வேலையில நிறைய இருக்கு. பழைய நடையில இருக்கற ஒரு கடிதத்த எளிமையாக்கித் தரச் சொல்லலாம், மூலத்த பக்கத்துல வெச்சு நீங்க வரிக்கு வரி சரிபாத்தப்புறம் ரெண்டையும் பசங்களுக்கு குடுங்க. ஒரே பாடத்துக்கு வெவ்வேற அளவு கஷ்டத்துல கேள்வி போடலாம். பசங்க எழுதின வாதத்துக்கு எதிர்வாதம் கேக்கலாம், இதை பசங்களே செய்யட்டும், "நான் சொல்றதுல எங்க ஓட்டை இருக்கு"ன்னு கேக்கறது நல்ல பழக்கம். கல்வெட்டு போட்டோவ போட்டு படிக்கச் சொல்லாதீங்க, தேய்ஞ்ச எழுத்த ஊகிச்சு அழகா ஒரு வாக்கியம் குடுத்துடும், அது கல்லுல இருக்கான்னு கண்டுபுடிக்க கல்வெட்டு படிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்.

ஆனா வரலாற்று ஆராய்ச்சியில ஏஐ நிஜமாவே செஞ்ச ஒண்ண பசங்களுக்கு சொல்லியே ஆகணும், இல்லன்னா நாம பயமுறுத்த மட்டும் செய்யறோம்னு ஆயிடும். கி.பி. 79ல இத்தாலியில வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்ப ஹெர்குலேனியம்ங்கற ஊர்ல ஒரு நூலகமே கரிக்கட்டையா போச்சு, அந்த பாப்பிரஸ் (நாணல்ல செஞ்ச தாள்) சுருள பிரிச்சா பொடியாயிடும். அதை பிரிக்காமலே எக்ஸ்ரே எடுத்து, மை இருக்கற இடத்த கண்டுபுடிக்க ஏஐக்கு பழக்கி, 2023ல ஒரு முழு வார்த்தைய படிச்சாங்க, கிரேக்கத்துல "ஊதா". லூக் ஃபாரிட்டர், 21 வயசு காலேஜ் பையன், அவர்தான் அதை முதல்ல வெளிய கொண்டு வந்தவர். அடுத்த வருஷம் அவரும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து பத்தி பத்தியா படிச்சு 7,00,000 டாலர் பரிசு வாங்கினாங்க. இதுல பசங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு, மெஷின் மை எங்க இருக்குன்னுதான் காட்டுச்சு, அது என்ன எழுத்து என்ன வார்த்தைன்னு பழைய கிரேக்கம் படிச்ச அறிஞருங்க தனித்தனியா உக்காந்து பாத்து ஒத்துக்கிட்டப்புறம்தான் அறிவிச்சாங்க.

கிளாஸ் ரூல், சுருக்கமா

வருஷத்தோட முதல் வாரத்துலயே பேசி முடிச்சிடுங்க. ஒவ்வொரு வேலைக்கும் மேல ஒரு வரி எழுதிடுவேன், இதுல ஏஐ கூடாது, இல்லன்னா யோசனைக்கு மட்டும், இல்லன்னா தாராளமா. யூஸ் பண்ணவங்க கடைசியில மூணு வரி எழுதணும், என்ன கேட்டேன், அது என்ன சொல்லுச்சு, அதுல எதை நான் வேற எங்க போய் சரிபாத்தேன். உண்மைய எழுதினதுக்கு ஒருத்தருக்கும் மார்க் குறைச்சதில்ல, அதை பசங்க கண்ணால பாக்கணும், பாத்தாத்தான் அடுத்த தடவையும் எழுதுவாங்க.

வயச பாத்துக்கங்க. யுனெஸ்கோ 2023 செப்டம்பர்ல வெளியிட்ட வழிகாட்டியில கிளாஸ்ல இதை யூஸ் பண்ண குறைஞ்சது 13 வயசு ஆகியிருக்கணும்னு சொல்லியிருக்காங்க, நிறைய ஆப்போட விதியிலயும் 13தான், 18 வரைக்கும் பெத்தவங்க சம்மதம் கேக்கறதும் இருக்கு. பசங்க பேர், மார்க், வீட்டு விஷயம் எதையும் அதுக்குள்ள போடாதீங்க, அந்த பாட்டி சர்டிபிகேட் மாதிரி ஒரு பேப்பர ஏஐல போட்டு திருத்தலாம்னு உங்களுக்கே தோணும், போடாதீங்க.

வீட்டுல போனே இல்லாத பசங்க ஒவ்வொரு கிளாஸ்லயும் இருப்பாங்க, ஒரே போனுக்கு மூணு பேர் சண்டை போடற வீடும் இருக்கும். அதனால ஏஐ கட்டாயம்னு ஒரு ஹோம்வொர்க்கும் குடுக்கறதில்ல. தேவைப்பட்டா நானே கேட்டு வாங்கி பிரிண்ட் எடுத்துட்டு வந்துடுவேன், ரெண்டு பேருக்கு ஒரு தாள், ஒரு பென்சில்.